காக்காக்கடி

மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தையிடம் 'பகிர்ந்துகொள்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அது பாடப்புத்தகச் சொல். வீட்டில் நாம் சொல்வது 'குடு', 'விட்டுக்குடு', 'அழுவுறான் பாரு, குடுத்துடு'. மூன்றுமே கட்டளை. மூன்றிலும் ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. அது திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை யாரிடம் அதிகம் சொல்கிறோம் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டால் போதும். மூத்தவளாக இருந்தால் 'நீ பெரியவ, விட்டுக்குடு'. இளையவளாக இருந்தால் 'அண்ணன்டி, விட்டுக்குடு'. வயதை எப்படி மாற்றிப் போட்டாலும் விடை மாறாத கணக்கு.

பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்த வழி வேறு. காக்காக்கடி. கடலைமிட்டாயையோ கமர்கட்டையோ சட்டை நுனியில் சுற்றி, துணியோடு சேர்த்துப் பல்லால் கடித்து உடைத்துப் பங்கு போடுவது. நடுவில் துணி இருப்பதால் எச்சில் இல்லை என்பது சட்டம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். மிட்டாய் யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. வேண்டும் என்கிறவள் கேட்க வேண்டும். கடித்துக் கொடுப்பவள் உடைமைக்காரி. துண்டு பெரிதா சிறிதா என்பது அவள் முடிவு. மாட்டேன் என்றும் சொல்லலாம், சொன்னால் நாளைக்கு அவளுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். எச்சில், தீட்டு என்று பெரியவர்கள் எழுப்பி வைத்திருப்பதையும் ஒரு துணி நுனியால் ஏமாற்றிவிடுகிறார்கள். அதே பெரியவர்கள்தான் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைக்கிறார் என்பதற்காக 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் பள்ளிச் சமையலறையையே எதிர்த்து நின்றார்கள்.

விட்டுக்கொடுப்பதற்கும் காக்காக்கடிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எனக்குத் தெளிவாகக் காட்டியது வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பால்வாடி. அரசுப் பெயர் அங்கன்வாடி மையம். ஊர்வாயில் இன்னும் பால்வாடிதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் மலைப்பாதை தொடங்கும். மேலே ஏறினால் கல்வராயன்மலை ஒன்றியத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லாத, தமிழே தாய்மொழியான மக்கள். கீழே இருப்பவர்களுக்கு இந்த மலையின் பெயர் சாராயச் செய்தியோடுதான் பழக்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் இங்குள்ள மக்களின் சாலை, மருத்துவம், பள்ளி பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாமையும் மரவள்ளியும் போடுகிறார்கள். நிலம் போதாதபோது கூட்டமாகக் காபித் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அப்போது சின்னப் பிள்ளைகள் பாட்டியிடம். பாட்டியும் காட்டுவேலைக்குப் போய்விட்டால் அக்காவிடம். அக்காவுக்கு ஐந்து வயது ஆகியிருக்காது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக என் மாணவ மாணவிகளோடு ஏழு நாள் அங்கே தங்கினோம். அவர்கள் பள்ளி வளாகத்தைச் சீர்செய்துகொண்டிருக்க, நான் காலை நேரங்களில் பால்வாடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பதிவேடும் கைப்பேசியுமாகப் பாதி நேரம் வெளியே. பிள்ளைகளோடு இருந்தவர் உதவியாளர், எல்லோருக்கும் 'ஆயா'. ஐம்பதைத் தாண்டியவர். என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார், எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் அவரை அக்கா என்றேன்.

அவர் வேலையில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சோப்பு. வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் சோப்பைப் போட்டு, பிள்ளைகள் நெஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கையிலிருந்து வழுக்கி மண்ணில் விழாது, யாரும் எடுத்துத் தர வேண்டியதில்லை. தண்ணீர் டிரம்மிலிருந்து அவர் மொண்டு ஊற்ற, இரண்டு இரண்டு பேராக வந்து தேய்த்துக் கழுவிவிட்டுப் போனார்கள். டம்ளரில் பாதிதான் ஊற்றுவார். முழுதாக ஊற்றினால் சிந்தும், சிந்தினால் திட்டு விழும், திட்டு விழுந்தால் அடுத்த தடவை 'நீயே குடிக்க வை' என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்றார். செருப்பை மாற்றிப் போட்டு வந்தால் திருத்த மாட்டார். "ரெண்டு செருப்பும் சண்ட போட்டுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு பாரு" என்பார். குழந்தை குனிந்து பார்த்துத் தானே மாற்றும்.

சட்டை விஷயத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையன்களின் சட்டைக்குப் பொத்தான் முன்னால். பெண்பிள்ளைகளின் கவுனுக்குக் கொக்கியும் நாடாவும் முதுகில். நான்கு வயதுப் பையன் பத்து நாள் முயன்றால் தன் பொத்தானைத் தானே போட்டுவிடுவான். பெண்ணுக்கு அது பத்து வருடமானாலும் எட்டாது. யாராவது பின்னால் நின்று போட்டுவிட வேண்டும். ஆயா சில கவுன்களை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டிருந்தார். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெண்கள் தாங்களே கழற்றித் தாங்களே மாட்டிக்கொண்டு பாத்ரூம் போய் வந்தார்கள். இன்னொன்று பை. பையனின் டவுசரில் பை இருக்கிறது. புளியங்கொட்டை, கூழாங்கல், உடைந்த வளையல் துண்டு எல்லாம் அதற்குள் போய்விடும். கவுனில் பை கிடையாது. அவள் பொறுக்கிய கொட்டையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். கையில் இருப்பதைப் பார்த்தால்தான் எவனுக்கும் கேட்கத் தோன்றும், பிடுங்கத் தோன்றும். பிறகு நாம் போய் 'விட்டுக்குடு' என்போம்.

மையத்தில் இருந்த பொம்மைகளில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒரு சிவப்புக் கார். ஒருத்தி அதை வைத்திருந்தாள், ஒருவன் இழுத்தான், அலறல். நான் எழுந்தே விட்டேன். ஆயா எழவில்லை. "அது இப்ப அவளோடது. நம்ம பாட்டு ரெண்டு பாடி முடிக்கிற வரைக்கும் அவளோடது. அப்பறம் நீ கேளு" என்றார் அவனிடம். அவன் உட்கார்ந்து பாட ஆரம்பித்தான், ரயில் வேகத்தில். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "இன்னும் மெதுவா, சாமி" என்றார் ஆயா. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவன் போய்க் கை நீட்டினான். அவள் ஒரு முறை காரைத் தரையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அடுத்த இரண்டு பாட்டுக்கு அவள் காத்திருந்தாள். கொடுத்தது திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லோரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவர் வழியில் நடக்கும் வகுப்பில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எடுத்தவர் முடித்து வைக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பிடுங்கிக் கொடுக்கும் வேலை ஆசிரியருக்கு இல்லை. பொத்தான் போடுவது, நீர் ஊற்றுவது, துடைப்பது எல்லாமே அங்கே பாடம். அவரே சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு: மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் நிதானமாகச் செய்து காட்டியதும் பிள்ளைகள் கைதட்டினார்களாம். மூக்கொழுகுகிறது என்று எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள்; செய்துகாட்டியவர் அவர்தான். 1939 இறுதியில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கினார். இன்று அவர் பெயர் நம் ஊர்களில் கட்டணம் அதிகம் வாங்கும் பள்ளிகளின் பலகையில் இருக்கிறது. வெள்ளிமலை ஆயாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. வெங்காய வலை தெரியும்.

குழந்தைகளைப் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல், சின்னப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும் நிலையைக் கடந்துதான் சேர்ந்து விளையாடப் பழகுகிறார்கள் என்று பதிவுசெய்தார். 'என்னது' என்ற சொல் வராமல் 'நம்மது' வராது. பெண்பிள்ளைக்கு மட்டும் நாம் முதல் சொல்லைத் தாண்டி நேராக இரண்டாவதற்கு இழுத்துப் போகிறோம்.

இனி முட்டை. இந்த மையங்களில் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் சோற்றோடு வேகவைத்த முட்டை. நான் சொன்ன அந்த ஐந்து வயது ஆகாத அக்கா, இடுப்பில் தம்பியோடுதான் வருவாள். அவனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. தட்டு போட்டு உட்கார வைக்கும் பட்டியலில் அவன் இல்லை. அவள் தன் முட்டையை உடைத்தாள், மஞ்சள் கருவை முழுதாக எடுத்து அவன் வாயில் வைத்தாள், வெள்ளையில் பாதியையும் கொடுத்தாள். யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பழக்கம். பார்க்கிற எவருக்கும் 'எவ்வளவு பாசம்' என்று நெஞ்சு இளகும். எனக்கும் இளகியது. ஆயாவுக்கு இளகவில்லை. பையனைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கரைத்து வைத்திருந்த சத்துமாவை அவனுக்கு ஊட்டியபடி அவளிடம் சொன்னார்: "இது உன் முட்டடி கண்ணு. உன் பேரு எழுதியிருக்கு. நீ தின்னு, நான் பாக்கறேன்."

அவள் சாப்பிட நெடுநேரம் ஆனது. தம்பியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்தச் சிறுமிக்குத் தற்சார்பு பற்றி நாம் என்ன கற்றுக்கொடுப்பது? சுள்ளி பொறுக்கத் தெரியும், கோழியை அடைக்கத் தெரியும், குடத்தில் தன்னால் தூக்க முடிந்த அளவு எது என்று தெரியும், அழும் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியும். சமவெளியில் விளையாட்டுப் பள்ளிகள் 'உங்கள் குழந்தை தானே சாப்பிடும்' என்று விளம்பரம் செய்கின்றன. இவள் தானே சாப்பிடுவதைத் தவிர மற்றதெல்லாம் செய்கிறாள். இவள் கற்க வேண்டியிருந்தது வாங்கிக்கொள்வது. இடுப்பில் சுமையில்லாமல் அரைமணி நேரம் ஓடுவது. ஆயா தம்பியைத் தன்னிடம் வாங்கிக்கொண்ட நாட்களில்தான் அவள் சிவப்புக் காருக்குச் சண்டை போட்டாள். நல்ல சண்டை, கத்திப் போட்ட சண்டை.

இந்த அக்காக்களைப் பற்றி முன்பே யோசித்த பெண்கள் இருந்தார்கள். தாராபாய் மோடக் 1945இல் மராட்டியக் கடற்கரை ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான மையத்தைத் தொடங்கினார். பதின்மூன்று வயதில் மணமாகி ஆறே மாதத்தில் கணவனை இழந்து, பிறகு ஆசிரியரான அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றதும் வீட்டு முற்றங்களுக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். முற்றம் என்னும் பொருள் தரும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்துதான் அங்கன்வாடி. 1957இல் வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். அங்கே கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். காரணம் எளிது: கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தான் அக்கா வகுப்பில் உட்காருவாள்.

தமிழ் படித்தவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள இன்னொன்று உண்டு. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1972இல் அறிக்கை தந்தவர் மீனா சுவாமிநாதன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியதற்கு அந்த அறிக்கை முக்கியமான அடிப்படை. அவருடைய அம்மா, 'வாசவேச்வரம்' நாவலை எழுதிய கிருத்திகா. மகளைச் சொல்லும்போது வேளாண் விஞ்ஞானியின் மனைவி என்றும், அம்மாவைச் சொல்லும்போது உயர் அதிகாரியின் மனைவி என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒருத்தி ஊர்த்திண்ணையின் ரகசியங்களை எழுதினாள், இன்னொருத்தி முற்றத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினாள் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் குறிப்பெடுக்கிறார்கள்.

தட்டுக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது அந்த மையத்தின் வழக்கம். ஆயா பிறகு ஒருமுறை அலசிவைப்பார். ஒரு பாட்டி வந்து சண்டைக்கு நின்றார்: "ஆம்பளப் புள்ளையத் தட்டு கழுவ வுடுறியே?" ஆயா அசராமல், "அவன் தின்ன தட்டுதானே பெரியம்மா" என்றார். அன்றிரவு எங்கள் முகாமில் பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பையன்கள் தட்டை வைத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். என் மாணவிகள் யாரும் சொல்லாமலே அண்டாவைக் கழுவ உட்கார்ந்தார்கள். மறுநாள் முதல் அவரவர் தட்டு அவரவருக்கு, அண்டா முறைவைத்து என்றேன். ஒருவன் உண்மையாகவே கேட்டான், "மேடம், சாம்பலை முதல்ல போடணுமா, தண்ணிய முதல்ல ஊத்தணுமா?" கெட்ட பையன் இல்லை. பால்வாடியில் பதினைந்து நாளில் கற்றுக்கொள்வதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

நம் இலக்கியத்தில் குழந்தை சோறு தின்னும் அழகான காட்சி புறநானூற்றின் 188ஆம் பாடலில் இருக்கிறது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குட்டிக் கையால் தொட்டு, துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தை. வள்ளுவரும் அந்தச் சிறு கையைப் பாடியிருக்கிறார். தானே சாப்பிடப் பழகும் குழந்தை சிந்தத்தான் செய்யும் என்று தமிழ் ஈராயிரம் ஆண்டாக ஒப்புக்கொண்டிருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடலை நடத்தும்போது, அரசன் மயங்கி நின்ற பிறகு தரையைத் துடைத்தவர் யார் என்று வகுப்பில் கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். பிள்ளைத்தமிழ் இன்னும் வெளிப்படை. முதல் ஏழு பருவங்கள் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் பொது. கடைசி மூன்றில் பிரித்துவிடுவார்கள். பிரிந்தபின் ஆண்பாலுக்கு வருவதில் ஒன்று சிற்றில்: சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள், அவன் காலால் சிதைக்க வருகிறான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கெஞ்சுவதுதான் கவிதை. இத்தனை பிள்ளைத்தமிழில் ஒரு சிறுமியாவது 'ரெண்டு பாட்டு முடியட்டும், அப்பறம் வா' என்று சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்ததால், பால்வாடி நம் கிராமங்களில் வேர்விட்டது. இவற்றில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்கள் வாங்குவதைத் திட்டத்தின் மொழி சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி அறிவித்தபோது அது பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடை இவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. பிள்ளை பார்ப்பது பெண்ணின் குணம், குணத்துக்கு எதற்குக் கூலி என்ற நினைப்புதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இவர்களிடமும் நாம் சொல்லிக்கொண்டிருப்பது 'விட்டுக்குடு' என்பதையே. அந்த ஆயாவின் வேலையை ஏழு நாள் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சோப்பு வலை, பாதி டம்ளர், திருப்பி மாட்டிய கவுன், பாட்டால் அளந்த நேரம், இது எதுவும் குணம் இல்லை. படிப்பு. முப்பது வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த படிப்பு.

கிளம்பும் நாளில், கல்லூரியிலிருந்து மையத்துக்கு ஏதாவது வாங்கித் தரலாம் என்று மாணவிகள் பணம் சேர்த்தார்கள். பொம்மை என்றாள் ஒருத்தி, இன்னும் நாலு சிவப்புக் கார் என்றாள் இன்னொருத்தி. நான் ஆயாவிடம் கேட்டேன். கார் ஒன்றே போதும், நாலு வந்தால் காத்திருக்க மாட்டார்கள் என்றார். பிறகு டிரம்மைக் காட்டினார்.

"ஒரு கொழா வச்சுக் குடுங்க மேடம். என் ஒயரத்துக்கு வேணாம். இதுங்க கைக்கு எட்டணும்."